கடைசியில் இறங்குகிறவர்

சனிக்கிழமை பான்கேக் சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் படுக்கையறை ஜன்னல் வழியாக வெளியே குதிக்க வேண்டும் என்று பியூலா உத்தரவு போட்டிருந்தாள். அந்த முகாமில் பியூலா சொன்னால் சொன்னதுதான். துணி காயப்போடுவதிலிருந்து நாயை நடத்திச் செல்வதுவரை எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது, கழுத்தில் ஒரு விசிலும் இருந்தது. வடக்கே பனி கொட்டத் தொடங்கியதும் வண்டிவீடுகளை ஓட்டிக்கொண்டு அரிசோனா வெயிலுக்கு வந்து சேரும் ஓய்வுபெற்ற ஜனங்கள், வாழ்நாளெல்லாம் யாருக்கும் அடங்காதவர்கள்கூட, அந்த விசிலுக்கு அடங்கிப்போனார்கள்.

ஆனால் இந்த ஜன்னல் உத்தரவுக்கு மட்டும் யாரும் முணுமுணுக்கவில்லை. ஆஸ்ட்பி தம்பதியின் வண்டி எரிந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பிடித்த தீ. வண்டிவீடு என்பது பார்க்கத்தான் வீடு. உள்ளே எல்லாம் மெல்லிய பலகை, பஞ்சு, பசை, போதாததற்கு கேஸ். பக்கத்துக்காரர்கள் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் கூரை உட்கார்ந்துவிட்டது. வாசல் கதவை ஒட்டித்தான் அடுப்பும் ஃபிரிட்ஜும் இருந்தன, அதனால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. மிஞ்சியது படுக்கைக்கு மேலிருந்த சிவப்புக் கைப்பிடி போட்ட அவசர ஜன்னல். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதை ஒருமுறைகூட அவர்கள் திறந்து பார்த்ததில்லை. ஓரத்து ரப்பர் உருகி ஒட்டிப்போயிருந்தது. ஆஸ்ட்பி காலால் உதைத்து உதைத்துத்தான் திறந்தார். இருவரும் உள்ளாடையோடு மணலில் வந்து விழுந்தார்கள். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பயிற்சி. பயிற்சி என்று பெயரே தவிர, அது ஒரு திருவிழா. மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, காபியைக் கையில் வைத்துக்கொண்டு, யார் யாருடைய பின்புறம் எந்த ஜன்னலில் மாட்டுகிறது என்று வேடிக்கை பார்ப்பார்கள். வெளியே வந்தவர்கள் தபால் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு நடந்து போய் நிற்க வேண்டும். தீப்பிடித்தால் எல்லோரும் கூட வேண்டிய இடம் அது. போன வாரம் பக்கத்து வண்டி ஜெரால்டுடைய பைஜாமா ஜன்னல் கொக்கியிலேயே தங்கிவிட்டது. அவர் மட்டும் வந்து சேர்ந்தார்.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருக்கும் கிழவிகூட ஒருமுறை வெளியே வந்துவிட்டாள். வராத ஒரே ஆள் வெண்டெல். அதுதான் ஆர்லீனுக்கு ஆறவில்லை. அவள் புருஷன் நெப்ராஸ்காவில் முப்பது வருஷத்துக்கும் மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வருஷத்துக்கு இரண்டுமுறை பஸ்ஸின் பின்கதவைத் திறந்து, ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் குதிக்கப் பழக்கியவர். அந்த மனுஷன் முதல் சனிக்கிழமை கேஸ் நிரப்பப் போனார். இரண்டாவது சனிக்கிழமை பல்வலி என்றார்.

"இன்னைக்கும் பல்லு வலிக்குதா?" என்று காலையிலேயே கேட்டாள் ஆர்லீன்.

"பல்லு இல்ல. முட்டி."

"இடுப்புலதானே ஆபரேஷன் பண்ணாங்க? முட்டி எப்போ அதுல சேர்ந்துச்சு?"

"எல்லாம் ஒரே கம்பெனி சரக்குதானே, ஆர்லி. ஒண்ணு போனா பக்கத்துல இருக்கறதும் போகும்."

"வாயி மட்டும் இன்னும் நல்லா ஓடுது."

"அத மாத்தவே வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அதற்குள் வெளியே பியூலாவின் குரல். "வெண்டெல்! இன்னைக்கு முட்டி கிட்டின்னு சொன்னா நானே உள்ள வந்து தூக்கி வெளிய போடுவேன். உன்ன விட பெரிய பன்றியெல்லாம் எங்கப்பன் பண்ணையில தூக்கியிருக்கேன்!"

நாற்காலிக் கூட்டம் கைதட்டியது. தப்ப வழியில்லாமல் இருவரும் படுக்கையறைக்குப் போய்ப் படுத்தார்கள். தீப்பிடித்ததற்கு அடையாளமாகப் பியூலா ஹாரன் அடித்தாள்.

அடுத்த நொடி ஆர்லீன் தன் புருஷனைப் பார்த்து அசந்துபோனாள். பல்வலிக்காரர் எங்கோ போய்விட்டார். சிவப்புக் கைப்பிடிகளை ஒரே இழுப்பில் இழுத்தார். ஜன்னலைத் தள்ளி, அளவாக வெட்டி வைத்திருந்த விளக்குமாற்றுக் கட்டையை முட்டுக்கொடுத்தார். இரும்பு விளிம்பு வயிற்றைக் கிழிக்காமலிருக்க மடித்த கம்பளியை அதன்மேல் போட்டார். எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. "குப்புறப் படு. கால் முதல்ல. கீழ மேசை இருக்கு, பயப்படாத" என்றார். இரு கையாலும் அவள் அக்குளைப் பிடித்து, முட்டைக் கூடையை இறக்குவதுபோல மெல்ல இறக்கினார். ஜன்னலுக்கு நேர்கீழே, வெளியே போடும் சாப்பாட்டு மேசை சரியாக நின்றது. எந்த ஊர் முகாமுக்குப் போனாலும் மேசையை இழுத்து அங்கேதான் போடுவார். நிழலுக்காக என்று அவள் நினைத்திருந்தாள்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆர்லீன் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப நீ வா."

வெண்டெல் ஜன்னலிலிருந்து எட்டி அவளைப் பார்த்தார். அவள் காலையும் கையையும் பார்த்தார், அடி ஒன்றும் படவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு பியூலாவுக்குக் கேட்கும்படி, "ஆச்சு. பஸ் காலி!" என்று சொல்லிவிட்டு, முட்டுக்கட்டையை எடுத்து ஜன்னலைச் சாத்திவிட்டார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெண்டெலின் இன்னொரு ஜோக் என்று நினைத்தார்கள். ஆர்லீன் சிரிக்கவில்லை. அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். சாயங்காலம் கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு, தூங்கிப்போன குழந்தை எதுவும் சீட்டில் இருக்கிறதா என்று பஸ்ஸின் கோடிவரை நடந்து பார்த்து, ரேடியோவில் சொல்லும் வார்த்தை அது. பஸ் காலி. சொல்லும்போது பஸ்ஸுக்குள் ஒரு ஆள் நின்றுகொண்டிருப்பார். அந்த ஆளை அவர் என்றுமே கணக்கில் சேர்த்ததில்லை.

மேசைமேல் நின்றபடியே அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். முட்டுக்கட்டை, கம்பளி, மேசை. ஒவ்வொன்றும் அவள் உயரத்துக்கு, அவள் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. அவருக்கென்று அந்த ஏற்பாட்டில் ஒன்றுமே இல்லை.

அவள் வாசல் வழியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெண்டெல் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீ எப்படி வெளிய வருவ?"

"வந்துடுவேன்."

"எப்படின்னு கேட்டேன்."

அவர் கம்பளியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். "நவம்பர்ல ஒருநாள் நீ துணி துவைக்கப் போயிருந்த. அப்ப முயற்சி பண்ணிப் பாத்தேன். புது இடுப்பு அந்த அளவுக்கு மடங்கல. பாதியில மாட்டிக்கிட்டேன். உள்ள வரவும் முடியல, வெளிய போகவும் முடியல. நீ திரும்பி வர்றதுக்குள்ள எப்படியோ உள்ள வந்துட்டேன். சட்டையில ரத்தம் இருந்துச்சே, கள்ளிச்செடி கிழிச்சிடுச்சின்னு சொன்னேனே, அது அன்னைக்குத்தான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ மறுநாளே வண்டிய வித்துடுவ. அப்புறம் ஓமஹாவுல நம்ம பொண்ணு வீட்டுல, தரைக்கு அடியில இருக்கற ரூம்தான். அங்க ஜன்னல்ல பாத்தா புல்லோட வேர்தான் தெரியும். நீ இங்க சிரிக்கற மாதிரி அங்க ஒருநாளும் சிரிச்சதில்ல ஆர்லி. எனக்குத் தெரியும்."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. நீ பத்திரமா வெளிய போயிடுவ. அதுக்கு எல்லாம் தயாரா வெச்சிருக்கேன். டிரைவர் கடைசியா இறங்கறதுதான் முறை."

"கடைசியா இறங்கறது முறை. இறங்காமலே இருந்துடறது எந்த ஊரு முறை?" ஆர்லீன் விடவில்லை. "நான் அந்த மேசை மேல நின்னு பாத்துக்கிட்டு இருக்கணுமா? நீ உள்ள இருக்க, நான் வெளிய நின்னு பாக்கணும். அதுதான் உன் ஏற்பாடா? என்ன விதவையாக்கறதுன்னு நீயா முடிவு பண்ணிட்ட. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

வெண்டெல் கையிலிருந்த கம்பளியைக் கீழே வைத்தார். இத்தனை நாளும் தான் செய்து வைத்தது அன்பு என்றுதான் அவர் நினைத்திருந்தார். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் எதிரில் நின்றவளுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

கோபித்துக்கொண்டு போவதற்கு வண்டிவீட்டில் இடம் கிடையாது. இதில் குடியிருக்கும் தம்பதிகளுக்கு இருக்கும் பெரிய கஷ்டமே அதுதான். வெளியே போனால் நாற்காலிக் கூட்டம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. குளியலறைக்குப் போனால் முழங்கால் இடிக்கும். ஆர்லீன் முன்பக்கம் போனாள். ஓட்டுநர் இருக்கைகளை மறைத்து, குளிர் உள்ளே வராமலிருக்கக் கனமான திரை தொங்கியது. வண்டியை நிறுத்திய அன்று அந்தத் திரையை இழுத்துவிட்டால், வசந்தத்தில் கிளம்பும்வரை அதைத் திறக்க மாட்டார்கள். அந்த முகாமில் எல்லோருக்கும் அதே பழக்கம். திரைக்கு அந்தப் பக்கம் வண்டி, இந்தப் பக்கம் வீடு. வீட்டில் வைக்க இடமில்லாதது எல்லாம் அங்கே போய்க் குவியும்.

அவள் திரையை விலக்கி உள்ளே நுழைந்தாள். கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டி, பறவைத் தீனி மூட்டை, மழைக்கோட்டு, ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத ஊருக்கு வெண்டெல் கொண்டு வந்திருந்த தூண்டில்கள். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அழுதாள். தலையில் சரிந்த பெட்டியை ஆத்திரத்தோடு வெளியே எறிந்துவிடலாம் என்று பக்கத்திலிருந்த கதவைத் திறந்தாள். பெட்டி மணலில் விழுந்தது. வெயிலும் காற்றும் உள்ளே வந்தன. கீழே அகலமான படி. அதற்குக் கீழே தரை.

ஆர்லீன் ஒரு காலைப் படியில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"வெண்டெல்! இங்க வா."

"இன்னும் திட்டணுமா?"

"வாய்யான்னா வா."

அவர் வந்து திரையை விலக்கி நின்றார்.

"இந்தக் கதவு வழியா நீ எத்தன தடவ இறங்கியிருப்ப?"

வெண்டெல் கதவைப் பார்த்தார். நாடு முழுக்க வண்டியை ஓட்டி, பெட்ரோல் போட நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் அவர் இறங்கிய கதவு. ஆபரேஷனுக்குப் பிறகும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே திரும்பி, அவர் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்.

"அது டிரைவர் கதவு" என்றார்.

"நீ யாரு?"

சிவப்புக் கைப்பிடி எங்கே இருக்கிறதோ அங்கேதான் எல்லோருடைய கண்ணும் இருந்தது. மாதக்கணக்காக அந்த ஜன்னலோடு மல்லுக்கட்டிய மனுஷனுக்கு, திரை போட்ட பிறகு இந்தக் கதவு இருப்பதே மறந்துபோயிருந்தது. வெட்கத்தில் காதுவரை சிவந்துபோனார். ஆர்லீனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஆனால் கதவு கிடைத்தால் மட்டும் போதாது. படுக்கையறை பின்கோடியில் இருந்தது. நடுவில் சமையலறை. தீ அங்கே பிடித்தால் முன்கதவு எட்டாக்கனிதான். அதனால் அன்றே வீட்டைத் தலைகீழாக மாற்றினார்கள். முன்னாலிருந்த சாமான்கள் எல்லாம் பின்னால் படுக்கைமேல் போயின. முன்பக்கத்துச் சாப்பாட்டு மேசையை மடக்கினால் ஒரு படுக்கையாகும். இரண்டு பேரக்குழந்தைகள் படுப்பதற்கென்று செய்தது அது. அதில் இந்த இரண்டு பேரும் படுத்தார்கள். இடுப்பு மடங்காதவர் எழ வசதியாக ஓரத்தில் வெண்டெல், சுவரோரம் ஆர்லீன். அவர் கால் வெளியே தொங்கியது. அவர் முழங்கை அவள் விலாவைத் தேடித் தேடி வந்தது. பன்றிக்கறி வறுக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று அவர் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்த புகை அலாரத்துக்கும் உயிர் வந்தது. காலையில் ஜெரால்ட் கேட்டார், "என்ன ஆர்லீன், கண்ணெல்லாம் வீங்கியிருக்கு? புதுசா கல்யாணம் ஆன மாதிரி இருக்கே?" "ஆமா, அதே மாப்பிள்ளை, கட்டில்தான் சின்னது" என்றாள் அவள்.

அடுத்த சனிக்கிழமை வந்தது. இந்தமுறை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஓட்டுநர் கதவுப் பக்கமாக நாற்காலி போட்டிருந்தார்கள். "சமையலறையில தீ!" என்று பியூலா வெளியிலிருந்து கத்தினாள். "பின்னால போகக் கூடாது! முன்னால வாங்க!" ஹாரன் அடித்தது.

வெண்டெல் எழுந்தார். படுக்கைக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு இருக்கைகளுக்கு இடையிலிருந்த சந்து மட்டும்தான். ஒரு ஆள் போகலாம். அந்தச் சந்துக்குள் போய்த் திரும்பி நின்றுகொண்டு, "வா ஆர்லி, நீ முதல்ல" என்றார்.

ஆர்லீன் வந்தாள். போக வழியில்லை. அவர் வயிற்றை எக்கினார், இருக்கையோடு ஒட்டிக்கொண்டார், ஒரு கையைத் தூக்கினார். அவள் பக்கவாட்டில் நுழைந்து பார்த்தாள். இருவரும் மாட்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். வெளியே யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. கதவு திறக்கவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் இப்படி வா, போயிடலாம்" என்றார் வெண்டெல். நெற்றியில் வேர்த்திருந்தது. "நீ போ, நீ போ."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இது பயிற்சி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. நிஜமாகத் தீ பிடித்தாலும் இந்த மனுஷன் இப்படியேதான் நிற்பார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, அவளை முதலில் அனுப்பப் பார்த்தபடியே, இருவரும் அங்கேயே முடிந்துபோவார்கள். ஜன்னல் சின்னது என்பதல்ல விஷயம். இடுப்பும் அல்ல. அவளுக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு பெரிய உடம்போடு தவித்துக்கொண்டு நின்றவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வெண்டெல், இங்க பாரு. நீ எனக்கு வழி விடல. நீதான் வழிய அடைச்சுக்கிட்டு நிக்கிற. நீ இறங்கினாத்தான் நான் இறங்க முடியும்."

அவர் அவளையே பார்த்தார். "உன்ன விட்டுட்டு எப்படி ஆர்லி? என்னால முடியலயே."

"விட்டுட்டுப் போகல. திரும்பு. இதோ, என் கை உன் முதுகுல இருக்கு. தெரியுதா?"

"தெரியுது."

"கை இருக்கற வரைக்கும் நான் பின்னாலயே வர்றேன்னு அர்த்தம். எடுக்க மாட்டேன். போ."

வெண்டெல் திரும்பினார். இருக்கையில் உட்கார்ந்து கதவைத் திறந்தார். நல்ல காலைப் படியில் வைத்தார். அங்கே ஒருகணம் நின்றுவிட்டார். முதுகிலிருந்த கை அழுத்தியது. அவர் இறங்கினார்.

மண்ணில் கால் பட்டதும் சட்டென்று திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினார். ஆர்லீன் இருக்கையைத் தாண்டிப் படிக்கு வந்து, அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பியூலா எவ்வளவு நேரமானது என்று கடிகாரத்தைப் பார்த்து ஏதோ திட்டினாள். அது வெண்டெலின் காதில் விழவே இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"பஸ்ல பின்கதவத் திறக்கும்போது, எப்பவும் ரெண்டு பெரிய பசங்கள முதல்ல குதிக்கச் சொல்லுவேன்" என்றார். "கீழ நின்னு சின்னதுங்களக் கை பிடிச்சு இறக்கறதுக்கு. முதல்ல இறங்கினவன்தான் பிடிக்க முடியும். இத்தன வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்குன்னு வரும்போது தோணவே இல்ல பாரு."

"நீ பெரிய பையன்தானே" என்றாள் ஆர்லீன். "இனிமே நீதான் முதல்ல."

தபால் பெட்டிகள் நின்ற இடத்துக்கு இருவரும் நடந்தார்கள். அவர் நொண்டியபடி முன்னால் போனார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.